ஐம்பத்திரண்டு பித்தளைக் கிளிப்

ஐம்பத்திரண்டு கிளிப் செய்தேன். ஆறு கண்ணாடி, கண்ணாடிக்கு எட்டு, உபரியாக நாலு. கடையில் கிடைக்காத கிளிப். கையால் வெட்டி, மடக்கி, துளை போட்டது. ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் தலை குனிய வைக்கத்தான் செய்தேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

நான் தச்சு வேலைக்காரன். செஞ்சியில் கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே வீடு. ஆசாரி வீட்டில் பிறந்தவன் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள், அறுப்பு அறுத்தவர்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் உளி பிடித்தேன். திரும்பி வந்து ஊரில் கதவு, ஜன்னல் செய்தேன். வேலை நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் புது வீட்டுக்குக் குடி போவதற்கு முதல் நாள் சாயங்காலம் தச்சு கழிப்பார்கள். மரத்தை அறுத்ததும் ஆணி அடித்ததும் தோஷமாக வீட்டில் நிற்கும் என்பது நம்பிக்கை. அதைத் தச்சன்தான் கழிக்க வேண்டும். உளி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் ஹாலில் வைத்துப் பொட்டு வைப்போம். பூசணிக்காய் உடைப்போம். எலுமிச்சம்பழம் அறுத்து வீட்டைச் சுற்றி வருவோம். வீட்டுக்காரர் புது வேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கும்பிட்டுக் கொடுப்பார். அந்த ஒரு பொழுது தச்சன் பெரிய ஆள்.

நான் வேலை செய்த வீடுகளில் அதற்கு மட்டும் ஓர் ஆசாரியைத் தனியாகக் கூப்பிடுவார்கள். வேலை என்னுடையது, வேட்டி அவருக்கு. நான் ஓரமாக நிற்பேன்.

ரைஸ்மில்காரர் வீட்டில்தான் முதல் தடவையாக என்னையே கழிக்கச் சொன்னார்கள்.

அவர் வீட்டு ஹாலில் தேக்கில் ஒரு ஷோகேஸ் செய்தேன். நாலு கதவு. பூஜை ரூமுக்கு இரண்டு கதவு. ஆறு கதவிலும் கண்ணாடி. கண்ணாடி உட்காரச் சட்டத்தின் உள்பக்கம் படி போல ஒரு பள்ளம் எடுப்போம். காடி என்று பெயர். கண்ணாடியைக் காடியில் வைத்து, மேலே மெல்லிய பீடிங் கட்டை வைத்து, ஆணி அடிப்போம். பரவலாக எல்லாரும் செய்வது அதுதான்.

கண்ணாடிக்கு அளவை மில்காரரே டேப் பிடித்து எடுத்தார். திண்டிவனத்தில் தெரிந்த கடையில் வெட்டி வரப் போகிறேன் என்றார்.

"மொதலாளி, நாலு பக்கமும் ஒரு நூல் கொறச்சு வெட்டச் சொல்லுங்க," என்றேன். நூல் என்பது எங்கள் கணக்கில் ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

"கொறச்சா ஆடும்யா. டவுன் பஸ் ஜன்னல் மாதிரி லொடலொடன்னு."

"மரம் ஊறும், காயும். கண்ணாடிக்கு எடம் வேணும்."

"நாப்பது வருஷமா நெல்லு அளக்கறேன். எனக்கு அளவு சொல்றியா நீ?"

கண்ணாடி காடி அளவுக்குச் சரியாக வந்தது. ஒரு மயிரிழை இடம் இல்லை. சுத்தியல் பிடியால் தட்டித்தான் இறக்கினேன். ஐந்து கதவு முடிந்தது. ஆறாவது கதவைத் தச்சு கழிக்கும் நாள் மத்தியானம் முடித்தேன். குளிக்கப் போக வேண்டும் என்று அவசரம்.

சாயங்காலம் கழித்தேன். அவர் கும்பிட்டு வேட்டி கொடுத்தார். என் பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் காலையில் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். ஹாலில் ஷோகேஸுக்கு ஒட்டிச் செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்திருந்தார்கள். நெய் ஊற்ற ஊற்றத் தீ ஆள் உயரம் போனது. அதைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். ஐயரிடம் யார் போய்ச் சொல்வது. முதல் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றும்போது உள்ளே டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். யாரோ ஒரு பொம்பளை, "ஐயையோ, கண்ணாடி," என்றாள்.

ஷோகேஸில் ஓரக் கதவு. குறுக்கே ஒரே கோடாக விரிசல் விட்டிருந்தது.

பந்தியில் எனக்கு எதிரே மில்காரரின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வயசானவர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"பரம்பர ஆசாரிய கூப்டிருந்தா இப்டி ஆவுமா? கண்டவன வச்சு தச்சு கழிச்சா கண்ணாடி எப்டி நிக்கும்?"

மில்காரர் உள்ளேயிருந்து வந்தார். நேராக என் இலைக்கு முன்னால் நின்றார்.

"யோவ், எயுந்திரு."

"இன்னா மொதலாளி?"

"தச்சு கழிச்சியா, இல்ல எங்க குடும்பத்துக்கு எதனா வச்சுட்டுப் போனியா?"

"கண்ணாடி இறுக்கமா இருக்குது. சூடு பட்டுச்சு, வுட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"பேசாத. அந்த வேட்டிய அவுத்து வச்சுட்டுப் போ."

எழுந்தேன். உள்ளே அரை டிராயர் இருந்தது. வேட்டியை அவிழ்த்தேன். மடித்தேன். நாலாக மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பந்தியில் ஒருத்தன் படம் எடுக்கச் செல்லைத் தூக்கிப் பிடித்தான்.

அங்கிருந்து என் வீட்டுக்குப் பஜார் வழியாகத்தான் வர வேண்டும். வந்தேன். ஓடவில்லை.

வாசலில் பெண்டாட்டி பார்த்தாள்.

"வேட்டி எங்க?"

"வாங்கிக்கினாங்க."

உள்ளே போய்க் கைலி எடுத்து வந்து கொடுத்தாள். "சட்டையயாவது வுட்டானுங்களே," என்றாள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் பாதி ஊரின் ஸ்டேட்டஸில் இருந்தது. பனமலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலை வைக்கப் பேசியிருந்தேன். வேண்டாம் என்று போன் வந்தது. அப்புறம் யாரும் கதவுக்கோ நிலைக்கோ கூப்பிடவில்லை. கை ராசியில்லாதவன் என்று பேர் ஆகிவிட்டது. சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். கான்கிரீட் போடப் பலகை அடிப்பது, காய்ந்ததும் பிடுங்குவது. தச்சன் செய்கிற வேலை இல்லை அது.

அந்தப் பேரை அவர் வாயாலேயே மாற்ற வேண்டும். அன்றைக்கு இருந்த அத்தனை பேர் முன்னால். இதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

முதலில் எனக்கே தெரிந்தாக வேண்டும். மிச்சத் தேக்கில் ஒரு சட்டம் அடித்தேன். இறுக்கமாகக் கண்ணாடி இறக்கிப் பீடிங் ஆணி அடித்தேன். வீட்டுக்குப் பின்னால் வேலிக்காத்தான் விறகு போட்டுக் கொளுத்தி மூன்று அடி தள்ளிச் சட்டத்தை நிறுத்தினேன். விறகு பாதி எரியும்போது டக். அதே சத்தம்.

"பைத்தியம் புடிச்சுதா உனக்கு," என்றாள் பெண்டாட்டி.

"இல்ல. நல்லா இருக்கேன்."

உண்மையில் அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்து, ஒரு நூல் குறைத்து வெட்டிய கண்ணாடி. இடம் விட்டால் ஆடும் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆடாமலும் இருக்க வேண்டும், இறுக்கவும் கூடாது. கடையில் பிளாஸ்டிக் கிளிப் பார்த்தேன். அந்தக் காடி ஆழத்துக்குச் சேரவில்லை. நானே செய்வது என்று முடிவு பண்ணினேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளைத் தராசுத் தட்டு கிடைத்தது. தகடு நல்ல கனம். கத்திரியில் அரை இஞ்ச் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டினேன். ஒன்றரை இஞ்சுக்கு ஒரு துண்டு. துண்டை வைஸ் இடுக்கியில் பிடித்து ஒரு மடிப்பு கீழே, ஒரு மடிப்பு வெளியே. மாடிப் படியில் ஒரு படி மாதிரி வரும். மேல் பாதி மரத்தில் ஸ்க்ரூவில் நிற்கும், கீழ் பாதி கண்ணாடி மேல் உட்காரும். காடி ஆழம் மூன்று நூல். கண்ணாடி கனம் ஒன்றேகால் நூல். அடியில் ஒட்டுகிற சைக்கிள் டியூப் கால் நூல். மீதி ஒன்றரை நூல் படி இறங்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கண்ணாடியை நெரிக்கும், குறைந்தால் ஆடும்.

முதலில் செய்த பத்தும் மடிப்பில் விரிசல் விட்டது. அப்புறம் தெரிந்தது, பித்தளையைச் சுட்டு மடக்க வேண்டும் என்று. கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி, தண்ணீரில் போட்டால் துணி மாதிரி மடிந்தது.

"சோறாக்கற அடுப்புல இன்னாத்தயா சுடற?"

"மில்காரர."

அவள் சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

மடக்கினதும் அரம் போட்டு முனை மழுக்கி, துளை போட்டு, டியூப் ஒட்டினேன். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து வரும். சென்ட்ரிங் வேலை முடிந்து வந்து உட்காருவேன். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் முகத்தை நினைத்துக்கொள்வேன். வேலை சுத்தமாக வரும். பழைய சட்டத்தில் எட்டு கிளிப் போட்டுத் திரும்பவும் கொளுத்தினேன். விறகு சாம்பலானது. கண்ணாடி அப்படியே இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை.

செய்து முடித்து டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். வர வேண்டியது அவர்.

ஐப்பசியில் மழை பிடித்தது. டீக்கடைக்காரன் சொன்னான்.

"உன் ஆளு வூட்ல இன்னொரு கண்ணாடியும் போச்சுய்யா. யாரும் தொடலியாம், தானா வுட்டுச்சாம். இன்னா வச்ச நீ அங்க?"

"ரெண்டு டீ போடு."

"ரெண்டா? ஒருத்தந்தான இருக்க."

"ரெண்டும் எனக்குத்தான்."

மழையில் மரம் ஊறினால் கதவு முறுக்கும். இடம் இல்லாத கண்ணாடி அதைத் தாங்காது. இதை நான் போய்ச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. அவர்கள் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து ஷோகேஸில் கட்டினார்கள். கார்த்திகையில் பூஜை ரூம் கதவில் ஒன்று விட்டது. யாரையோ கூட்டி வந்து கோழி அறுத்தார்கள். உடைந்த கண்ணாடி மேல் பிரவுன் டேப் ஒட்டினார்கள். முதலில் விட்ட கதவை அப்படியே கழற்றி மாடி ரூமில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். எந்தத் தச்சனும் தொட வரவில்லை. எல்லாம் டீக்கடையில் கேட்டேன். கேட்கக் கேட்க உடம்புக்கு நன்றாக இருந்தது.

தை மாசம் மில்காரர் சம்சாரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மருமகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"கொயந்தைய தூக்கிக்கினு அந்த வூட்டுக்கு வரமாட்டேன்றா தம்பி. தானா ஒடையற வூட்ல எப்டிப் புள்ளைய படுக்கவைக்கறதுன்னு கேக்கறா. நீ வச்சத நீயே எடுத்துடு. எது கேட்டாலும் செய்றோம்."

"நான் வச்சது கண்ணாடிதாம்மா. வேற ஒண்ணும் வைக்கல."

"அப்ப ஏன் ஒடையுது?"

"அளவு. ஒரு நூல் கொறச்சு வெட்டச் சொன்னேன், கேக்கல. நான் சரி பண்ணித் தரேன். ஆனா அன்னைக்கு வந்தவங்க எல்லாம் வரணும். அதே எடத்துல ஹோமம் போடணும். கண்ணாடி நின்னுச்சுன்னா, அளவு எடுத்தது நாந்தான், தச்சுல குத்தம் இல்லன்னு மொதலாளி வாயால சொல்லணும்."

பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா குடித்துவிட்டுப் போனார்.

"அந்தம்மா இன்னா பண்ணுச்சு உன்ன?" என்றாள் பெண்டாட்டி.

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் அதுகிட்ட ஏன் கறாரா பேசற? பேரப்புள்ளைய பாக்காம கெடக்குது."

"அவர் வரட்டும்."

மாசி பாதியில் அவர் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

"எப்ப வர?"

"சொன்னது சம்மதமா?"

"ம்."

"வாயால."

இன்ஜினை நிறுத்தினார்.

"சம்மதம்யா," என்றார்.

பங்குனியில் நாள் பார்த்தார்கள். விட்டுப்போன மூன்றுக்கும் ஒரு நூல் குறைத்துப் புதுக் கண்ணாடி வெட்ட வைத்தேன். மற்ற மூன்றுக்குக் காடியை உளியால் அகட்டுவது என்று திட்டம். விடிந்ததும் டப்பாவோடு போனேன். கதவுகளைக் கழற்றி மாடி ரூமில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். தனியாகத்தான் இருந்தேன்.

மழையில் விட்ட இரண்டிலும் விரிசல் மூலையிலிருந்து கிளம்பியிருந்தது. மூலையில் மரம் கண்ணாடியைக் கடித்திருந்தது. அது அளவு. நான் சொன்னதுதான்.

அப்புறம் சுவரைப் பார்த்து நின்ற கதவைத் திருப்பினேன். ஹோமத்தன்றைக்கு விட்டது. விரிசல் மூலையில் இல்லை, பக்கச் சட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பியிருந்தது. பீடிங்கை நெம்பினேன். ஓர் ஆணி சாய்ந்து இறங்கி, முனை கண்ணாடி விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் கண்ணாடி நகக்கண் அளவு பொரிந்திருந்தது. விரிசலின் தலை அங்கேதான்.

கடைசி மத்தியானம் குளிக்கப் போகிற அவசரத்தில் அடித்த கதவு அது. ஆணி என்னுடையது. அந்த ஆணி இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் கண்ணாடி ஒருவேளை நின்றிருக்கும்.

உட்கார்ந்தேன். கீழே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் ஆணியைப் பார்த்தேன். பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஆறு கதவிலும் கிளிப் போட்டு மாட்டினேன். பெரியப்பா முதற்கொண்டு எல்லாரும் வந்திருந்தார்கள். என் பெண்டாட்டியை வரச் சொல்லியிருந்தேன், வந்தாள். அதே இடத்தில் செங்கல் அடுக்கி ஹோமம் போட்டார்கள். நெய் போதாது, இன்னும் ஊற்றுங்கள் என்று ஐயரிடம் நானே சொன்னேன். ஐயர் ஊற்றினார். எல்லாரும் தீயைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம். ஷோகேஸ் ஓரம் கை வைக்க முடியாத சூடு. ஒரு கண்ணாடியும் விடவில்லை.

மில்காரர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அளவு எடுத்தது நாந்தான். இவரு சொன்னாரு, நான் கேக்கல. தச்சுல ஒண்ணும் குத்தம் இல்ல."

இவரு என்றார். அதுவரை அவர் வாயில் நான் அவன்தான்.

"கேக்கல," என்றார் பெரியப்பா, காதில் கை வைத்துக்கொண்டு. "சத்தமா சொல்லுடா."

மில்காரர் திரும்பவும் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார்.

"அப்ப அன்னைக்கு வேட்டிய அவுத்திருக்க வேண்டியது நீதான்டா."

கூட்டம் சிரித்தது. மில்காரர் கை தன்னால் இடுப்பு முடிச்சுக்குப் போனது. அந்த வார்த்தையை ஆறு மாசமாக நான் வாய்க்குள் வைத்திருந்தேன். கிழவர் முந்திக்கொண்டார். பரவாயில்லை.

அவர் சம்சாரம் புது வேட்டி, துண்டோடு தட்டைக் கொண்டுவந்தார். வாங்கி என் பெண்டாட்டியிடம் கொடுத்தேன்.

"பந்தி போடுங்க," என்றேன். "மொதலாளி பரிமாறட்டும்."

இது பேச்சில் இல்லாதது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார்.

நான் முதல் இலையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஆணி இருந்தது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. ஒரு வார்த்தை சொல்லலாம். பாதி என் தப்பு மொதலாளி என்று. பெண்டாட்டியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. இதை எழுதுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவர் குனிந்து சாம்பார் ஊற்றினார். ரசம் ஊற்றினார். மோர் ஊற்றினார். நெற்றி வேர்வை இலையோரம் சொட்டியது. வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

குனிந்தார்.

"இன்னும்."